தங்கபுஷ்பம் நின்றபோது கூம்பு பேசவில்லை

உவர்க்குடிப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்குச் சின்னம் ஒதுக்கிய மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, பரமன் மாமாவின் ஆட்டோ மேலே கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர், மைக் போடாமல், பேட்டரி மாட்டாமல், ஒயரை ஒருத்தரும் தொடாமல், தனக்கு நேர் கீழே நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த தெய்வநாயகம் அண்ணாச்சியின் மனசுக்குள் கிடந்த வேண்டுதலை எடுத்து, அவர் குரலிலேயே, அந்தக் கரகரப்போடும் நடுவில் வருகிற ஏப்பத்தோடும், ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னது.

"முத்தாரம்மா, தாயே, வால்வு சாவி என் இடுப்பை விட்டுப் போயிறக் கூடாது. ஊருக்குத் தண்ணி திறந்துட்டா என் ஐஸ் கம்பெனி படுத்துரும். இன்னும் அஞ்சு வருசம் இவனுக நாக்கு வறண்டே கெடக்கட்டும். உனக்குப் பதினெட்டுக் கிடா வெட்டுதேன், தாயே."

அண்ணாச்சி வாயைத் திறக்கவே இல்லை. நான் எதிர்த்த டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் வாயில் இருந்தது பல்குத்தும் குச்சி மட்டும்தான். தலையில் ஒரு முடி கிடையாது, அவருக்கு ஒதுக்கிய சின்னமோ சீப்பு. அதைச் சொல்லிச் சொல்லி நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த ஊர், இப்போது சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூம்பை அண்ணாந்து பார்த்தது.

எப்படிப் பேசியது என்று உவர்க்குடியில் அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அந்தக் கூம்பு முப்பது வருஷமாக முத்தாரம்மன் கொடைத் திருவிழாவுக்கும், சர்ச் அசன விருந்துக்கும், தர்கா கந்தூரிக்கும், சடங்கு வீட்டுக்கும், சாவு வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வருகிற கூம்பு. ஊரில் வேறே கூம்பு கிடையாது. "இத்தனை வருசம் கத்துனதைக் கேட்டுக் கேட்டு அதுவும் கத்துக்கிட்டு போல" என்றார் பரமன் மாமா, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊர் பேசியது வேறொன்றை.

"என்ன உருக்கமாக் கேட்டாரு பாத்தியளா? தாயேன்னுதான் ஆரம்பிக்காரு, தாயேன்னுதான் முடிக்காரு" என்றாள் கோயில் தெருப் பூக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நம்ம நாக்கு வறளணும்னுல்லா கேக்காரு, யக்கா" என்றேன் நான்.

"கேட்டது யாருட்ட? நம்ம அம்மைட்ட. அதைப் பாரு நீ."

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பேர் சுடலைக்கனி, பிளஸ் ஒன், எந்தக் குரலை ஒரு தடவை கேட்டாலும் மறுநிமிஷம் என் தொண்டையில் இருக்கும். ஹெட்மாஸ்டர் குரலில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருக்கிறேன், செத்துப்போன கிழவன் குரலில் அவன் வீட்டுப் பின்வாசலில் நின்று வெற்றிலை கேட்டிருக்கிறேன், கூடப் படிக்கிறவளின் காதலன் குரலில் அவளோடு ஒரு மாசம் போனில் பேசி, கடைசி நாளில் அவள் அப்பா குரலில் அந்தக் காதலையே அறுத்துவிட்டிருக்கிறேன். என் அம்மை உப்பளத்தில் வேலை செய்கிறாள். வெயிலில் எட்டு மணிநேரம் உப்பு வாருகிறவளுக்குக் குடிக்க ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர்தான், அதற்கு மேல் ஊரில் கிடையாது. கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கி, தினம் மூணு லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அரிசிப்பானைக்குள் வைத்திருக்கிறாள். ஆத்துத் தண்ணீர் எங்கள் ஊருக்கு வரத்தான் செய்கிறது. ஊர் எல்லையில் ஒரு வால்வு, அதற்கு ஒரு இரும்புப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குச் சாவி அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில். தண்ணீர் அங்கே திரும்பி, பூமிக்கடியில் ஊரைக் கடந்து, ஐஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்கிறது.

அவரை எதிர்த்து நின்றவள் தங்கபுஷ்பம் சித்தி. அம்மையோடு உப்பு வாருகிறவள், புருஷனைக் கிட்னிக்குக் கொடுத்தவள். எங்கள் பக்கம் அந்தப் பேர் கோயில் தெருவிலும் உண்டு, சர்ச் தெருவிலும் உண்டு, பேரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. கொடைக்கும் வருவாள், அசனத்திலும் பந்தியில் உட்காருவாள், கந்தூரி நேர்ச்சைச் சோற்றையும் தூக்குவாளியில் வாங்கிப்போவாள். சித்தி சொன்னது ஒரே ஒரு வாக்குறுதி: "ஜெயிச்சா அன்னைக்கே அந்தப் பூட்டைத் திறப்பேன்." பூட்டு சாவிதான் சின்னம் என்றும் ஆகிவிட்டது.

ஊரில் ஒரே ஆட்டோ, ஒரே கூம்பு என்பதால் காலையில் அதில் சீப்புத் தட்டி கட்டுவார்கள், மத்தியானம் அதைக் கழற்றிப் பூட்டு சாவித் தட்டி கட்டுவார்கள். மத்தியானப் பிரச்சாரக் குரல் நான்தான். பாஸ்டர் ஐயா குரலில் "கர்த்தருக்குள் பிரியமானவர்களே, பூட்டு சாவிக்கு" என்பேன், ஹாஜியார் குரலில் "மக்களே, தண்ணி நம்ம ஹக்கு, நம்ம உரிமை, பூட்டு சாவிக்கு" என்பேன், பூசாரிக்குச் சாமி வந்து உறுமுகிற குரலில் "ஏய்ய், பூட்டைத் திறடா" என்பேன், ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஜெயித்துவிடுவோம் என்று நினைத்தோம். அப்போதுதான் கூம்பு பேச ஆரம்பித்தது.

இரண்டே நாளில் ஊர் அதைப் பழகிக்கொண்டது, புது பஸ் ஸ்டாப்பைப் பழகிக்கொள்கிற மாதிரி. பெண்டாட்டிகள் புருஷன்களை ஏதாவது சாக்குச் சொல்லி ஆட்டோப் பக்கம் கூட்டிவந்தார்கள், மாமியார்கள் மருமகள்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாடச் சொல்லாமல் கூம்புக்குக் கீழே நிற்கச் சொன்னார்கள். பாஸ்டர் ஐயா நின்றார். அடுத்த மாற்றலாவது லிஃப்ட் உள்ள சபையாகக் கிடைக்கவேண்டும் என்று அது கதறியது. ஹாஜியார் நின்றார், சுகர் ஏறியது மருமகளுக்குத் தெரியக் கூடாது ரப்பே, அல்வாவை நிறுத்திவிடுவாள் என்றது. பூசாரி நின்றார்; கொடையன்று சாமி வரும்போது மட்டும் இடுப்புப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றது. மூன்று பேருக்கும் மரியாதை ஏறியதே தவிர இறங்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் தத்தம் ஆளிடம்தான் கேட்டிருந்தார்கள், மாற்றிக் கேட்கவில்லை. என் அம்மை ஒரு நாள் வேலை முடிந்து அந்த வழியாக நடந்தாள், கூம்பு அவள் குரலில் மெல்லச் சொன்னது: "எம்மா தாயே, எம் புள்ள ஒரு நாளாவது அவ சொந்தக் குரல்ல எங்கிட்டப் பேசணும்." நான் அதையும் அப்படியே அம்மை குரலில் நாலு தெருமுனையில் சொல்லிக் காட்டி நல்ல கைதட்டு வாங்கினேன்.

ஐந்தாம் நாள் சித்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முந்நூறு பேர் கூடி நின்றார்கள். உஸ்ஸ் என்று காற்று போகிற சத்தம் வந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், சித்தி வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றாள், கூம்பு பேசவே இல்லை.

மறுநாள் பாஸ்டர் ஐயா, ஹாஜியார், பூசாரி மூன்று பேரும், ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்காத மூன்று பேர், ஒரே ஆட்டோவில் சித்தி வீட்டுக்கு வந்தார்கள்.

"சகோதரி, நீங்க எங்க சபைன்னு நான் சொல்லலை. யாரோ ஒருத்தர்ட்ட ஜெபிச்சா போதும். இவுங்க ஆளா இருந்தாக்கூட எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் பாஸ்டர் ஐயா, மூக்கில் தும்மல் ஒன்று நிற்கிற அந்தக் குரலில்.

"தங்கச்சி, எதிராளி எந்தப் பக்கம் நிக்கான்னு தெரிஞ்சாத்தான் சண்டையாவது போடலாம். ஒண்ணுமே இல்லேன்னா எங்கன போய் மோதுறது?" என்றார் ஹாஜியார்.

"மக்கா, வெறும் வீட்டுல பேய்தான் குடியிருக்கும்" என்றார் பூசாரி.

சித்தி மூன்று பேருக்கும் பாதிப் பாதித் தம்ளர் தண்ணீர் வைத்தாள். வீட்டில் இருந்தது அதுதான். "ஐயா, நான் கேக்க வேண்டியதை எல்லாம் யூனியன் ஆபீஸ்ல கேட்டுட்டேன். நாப்பத்தோரு மனு. சாமிட்டக் கேக்க எனக்குத் தோணலை. இருந்தா அதுக்குத் தெரியாதா ஊருக்குத் தண்ணி இல்லைன்னு? இந்த வால்வைத் திறக்கதுக்கு எனக்கு எந்தச் சாமி வேணும், ஒரு சாவிதானே வேணும்?"

மூன்று பேரும் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முடிவுக்கு வந்துவிட்டது. "அண்ணாச்சி எதுக்கோ பயப்படுத மனுசன்" என்று பள்ளிவாசல் தெருவில் சொன்னார்கள். "கெட்டதைக் கேட்டாலும் முழங்கால்ல நின்னு கேக்காரு" என்று சர்ச் தெருவில் சொன்னார்கள். "அவ கையில தண்ணி வாங்கிக் குடிச்சா அது தொண்டையில இறங்குமா" என்று கோயில் தெருவில் கேட்டார்கள், வறண்ட தொண்டையோடு.

வேடிக்கை என்னவென்றால், தினம் மத்தியானம் அந்தக் கூம்புக்கு நேர் கீழே மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தது நான். எனக்கும் அது பேசியதில்லை. நானும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, அடுத்தவன் குரலில் விளையாடுகிறவளுக்குக் கேட்க ஏது நேரம்? ஆனால் என்னை யாரும் சோதிக்கவில்லை. நான் வேட்பாளர் இல்லையே.

ஒரு காரியம் செய்தேன். மறுநாள் கோயில் தெருவில் சித்தி ஆட்டோவை விட்டு இறங்கிக் கும்பிட்டு நின்றபோது, பின் சீட்டில் தார்ப்பாய்க்குள் படுத்துக்கொண்டு மைக்கை வாயோடு ஒட்டிவைத்து, சித்தி குரலில், அந்த உப்புக்காற்றில் காய்ந்த குரலில், "முத்தாரம்மா, என் ஊருக்குத் தண்ணி குடு தாயே" என்று விக்கி விக்கிச் சொன்னேன். தெருவே "ஆஆ" என்றது. ஐந்து ஆரத்தித் தட்டு வந்தது. அடுத்த அரைமணியில் சர்ச் தெருவில், "இயேசப்பா, பாறையிலிருந்து தண்ணீர் தந்தவரே" என்றேன். கொயர் பிள்ளைகள் அழுதார்கள். பள்ளிவாசல் தெருவில், "யா அல்லாஹ், பாலைவனத்துல ஊத்து தந்தவனே" என்றேன். ஹாஜியாரே வந்து சால்வை போர்த்தினார். தன் குரல் தன் வாயிலிருந்து வராமல் தலைக்கு மேலே கேட்பதைக் கேட்டு மூன்று தெருவிலும் சித்தி முகம் வெளிறிப் போனதை, பக்தியில் வெளிறியது என்று ஊர் எடுத்துக்கொண்டது.

ஆட்டோவில் ஏறியதும் தார்ப்பாயைத் தூக்கினாள். "ஏட்டி கனி. நான் கேக்காததை எனக்காகக் கேக்காத."

"ஓட்டு வருதுல்லா, சித்தி!"

"பொய்யில ஜெயிச்சிட்டுப் போய்ப் பூட்டைத் திறந்தா, நாளைக்கு இவனுகளே அதை இழுத்துச் சாத்துவானுக."

"எங்கம்மைக்குத் தண்ணி வேணும்" என்றேன். அதைக்கூட யார் குரலில் சொன்னேன் என்று நினைவில்லை.

சித்தி தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்தாள். "உங்கம்மைக்காகத்தாண்டி நிக்கேன்" என்றாள். "கடைசி நாள் முக்குல எல்லாரும் கூடுவாங்க. அன்னைக்கு நான் உள்ளதைச் சொல்லிருவேன்."

மூன்று தெருவும் சேர்கிற முக்கில், கடைசி நாள், ஐந்து மணிக்குப் பிரச்சாரம் முடியவேண்டும். நாலரைக்கே ஊர் திரண்டுவிட்டது. மூன்று தெருவும் மூன்று விதமாகக் கேட்டிருந்தன, அதை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள இன்னும் வாய்க்கவில்லை. ஒவ்வொரு தெருவும் சித்தி தன் ஆள் என்று ரகசியமாகப் பூரித்து நின்றது. அண்ணாச்சிகூட ஓரமாக ஜீப்பில் உட்கார்ந்து சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார், தோற்றுவிடுவோம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. தேர்தல் ஆபீசர் ஒருத்தர் கையில் வாட்சைப் பார்த்தபடி நின்றார். நான் தார்ப்பாய்க்குள் இருந்தேன், தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று சித்தி குரலைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு.

நாலு ஐம்பத்தைந்துக்குச் சித்தி கையைத் தூக்கினாள். "உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும். மூணு தெருவுலயும் நீங்க கேட்ட குரல் இருக்குல்லா..."

முந்நூறு பேர், மூன்று தெரு, என் தோலை உரித்து உப்பில் போடுவார்கள். வாழ்க்கையிலே முதல் தடவையாக நான் வேண்டினேன். யார் என்று தெரியாது, எந்தத் தெரு என்று தெரியாது, மைக்கைக் கையில்கூட எடுக்கவில்லை, உதடு ஒட்டியிருந்தது, மனசு மட்டும் வேண்டியது. கூம்பு அதை எடுத்துக்கொண்டது. ஆளின் குரலிலேயே சொல்லுகிற கூம்பு, என் குரல் எது என்று தேடிப்பார்த்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை; தொண்டையில் அந்த நேரம் இருந்தது சித்தி குரல், அதையே எடுத்துக்கொண்டது.

"சாமி, நீ யாரா இருந்தாலும் சரி, மாட்டிக்கிடக் கூடாது. மூணு தெருவையும் ஒவ்வொரு சாமியச் சொல்லி ஏமாத்துனது தெரிஞ்சிறக் கூடாது. இந்த முட்டாப் பயலுவள்ட்ட இருந்து காப்பாத்து."

சித்தி மெல்லத் திரும்பித் தார்ப்பாயைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை. "இது நான் வேண்டுனது இல்ல" என்று மட்டும் சொல்ல வாய் திறந்தாள்.

"மணி அஞ்சு" என்றார் தேர்தல் ஆபீசர். "விதிமுறைகளின்படி பிரச்சாரம் நிறைவடைகிறது. வேட்பாளர் இனிமே பேசப்படாதும்மா. பேசினா கேஸ்."

முதல் செருப்பு சர்ச் தெருவிலிருந்து வந்ததா, பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்ததா என்று பிறகு ஒரு வாரம் இரண்டு தெருவும் பெருமைக்குச் சண்டைபோட்டன. கோயில் தெரு செருப்பு எறியவில்லை, அன்றைக்கு எடுத்த ஆரத்தித் தட்டை எறிந்தது. சித்தி நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அப்போது நான் வெளியே குதித்தேன். இதை நம்புங்கள், குதித்தேன். ஆட்டோ மேல் ஏறி நின்று, யார் குரலும் இல்லாமல், தொண்டையில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல், "அது நான்தான்! சித்தி இல்ல, நான்தான்!" என்று கத்தினேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு பூக்காரி கேட்டாள்: "இது யாரு குரல்ட்டீ? புதுசா இருக்கே, யாரைப் பண்ணுத?"

"பட்டணத்துல எவளோ நடிகை போல" என்றார் பூசாரி.

நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் கைதட்டினார்கள். கூட்டத்துக்குள் என் அம்மை, வீங்கிய காலோடு, அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள், அவளுக்கும் அது யார் குரல் என்று தெரியவில்லை.

சித்திக்கு விழுந்தது இரண்டு ஓட்டு. ஒன்று அவளுடையது. இன்னொன்றை "நான்தான் போட்டேன்" என்று இதுவரை அறுபது பேர் அவளிடம் தனித்தனியாக வந்து சொல்லியிருக்கிறார்கள், முதலாவதாக வந்தவர் பரமன் மாமா. அம்மை மட்டும் சொல்லவில்லை.

அண்ணாச்சி வாக்குத் தவறாதவர். பதினெட்டுக் கிடா என்றால் பதினெட்டு. ஆறு கோயிலில் வெட்டி, ஆறு சர்ச் அசனத்துக்குக் கொடுத்து, ஆறை உயிரோடு பள்ளிவாசல் தெருவுக்கு ஓட்டிவிட்டு, அவரவர் முறைப்படி அறுத்துக்கொள்ளச் சொன்னார். "எல்லாச் சாமியும் எனக்கு ஒண்ணுதான்" என்றார், ஊர் எலும்பைக் கடித்துக்கொண்டே நெகிழ்ந்துபோனது. சாப்பிட்டு முடித்து எல்லாருக்கும் விக்கியது. குடிக்கத் தண்ணீர் இல்லை.

தண்ணீர் கேட்டுப் போனவர்களையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. பரமன் மாமாவிடமிருந்து கூம்பை வாங்கி, மூன்று வருஷமாக ஈரம் பார்க்காத ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நிரந்தரமாகக் கட்டிவிட்டார். "நீங்க கேக்கது மேல போய்ச் சேர நான் வழி பண்ணிட்டேன். தாரதும் தராததும் தெய்வச் சித்தம்." அதிலிருந்து தினம் காலை ஆறு மணிக்கு ஊர் குடத்தோடு வரிசையில் நிற்கிறது. ஒவ்வொருத்தராகத் தொட்டிக்குக் கீழே வருகிறார்கள், ஒவ்வொருத்தர் குரலிலும் கூம்பு கேட்கிறது, தாயே தண்ணி, அப்பா தண்ணி, ரப்பே தண்ணி என்று எட்டு மணி வரைக்கும் அது ஓயாது, பிறகு காலிக் குடத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள், கேட்டுவிட்ட திருப்தி முகத்தில் இருக்கிறது. அம்மையை நான் கைத்தாங்கலாகக் கூட்டிவருகிறேன். அவள் வேண்டுதலில் இப்போது நான் இல்லை, ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும் இருக்கிறது.

எனக்கு இப்போதும் ஒரே வேண்டுதல்தான், அதே குரலில்தான் வருகிறது: மாட்டிக்கிடக் கூடாது, காப்பாத்து. அதனால் வரிசையில் நான் எப்போதும் தங்கபுஷ்பம் சித்திக்குப் பின்னால் நிற்கிறேன். கூம்பில் அது வந்ததும், இரண்டடி தள்ளிப் போய்விட்ட சித்தியைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்துக் காறித் துப்புகிறார்கள், "இன்னும் அதையேதான் கேக்கா பாரு" என்று. சித்தி நாப்பத்திரண்டாவது மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அதற்கு முன்னால், சித்தி கூம்புக்குக் கீழே வந்து நிற்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அப்போது கூம்பு பேசாது. வரிசையும் பேசாது. நானூறு காலிக் குடம் பேசாமல் நிற்கும். அந்த ஒரு நிமிஷம் மட்டும், எங்கள் காலுக்குக் கீழே, பூமிக்கடியில், ஆத்துத் தண்ணீர் ஊரைக் கடந்து ஐஸ் கம்பெனிக்குப் போகிற சத்தம் சலசலவென்று தெளிவாகக் கேட்கும். முதலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும், கடைசியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும், அம்மை தலையைச் சாய்த்துக்கொண்டு அதைக் கேட்பாள்.

உடனே பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள்: "நவுருட்டி, சாமி இல்லாதவளே! அடுத்த ஆளு வரட்டும்!"

அடுத்த ஆள் நான்.